கூரை இல்லாத தேவாலயத்தில் ஒரு பெயர்

அந்த வெள்ளைச் சட்டைகளைத் துவைத்தே என் கை வெந்துபோயிற்று. சாதாரண ஊத்தை என்றால் பரவாயில்லை. ஆளைக் கிடத்தி மேலே மண் போட்டு மூடி எடுத்ததுபோல முதுகு, தோள், கழுத்து எங்கும் மண் அப்பியிருக்கும். உண்மையிலேயே அப்படித்தான் செய்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோவில், பொலிதேயாமா அரங்குக்குப் பின்தெருவில் ஒரு வீட்டில் வேலைசெய்துகொண்டிருந்தேன். வீட்டுக்கார சிஞ்ஞோரா எழுபது வயது விதவை. புருஷன் செத்துப் பதினொரு வருஷமாகியும் கறுப்புச் சட்டையைக் கழற்றாதவர். நல்ல மனுஷி, ஆனால் நான் துடைத்த இடத்தை விரலால் தடவிப் பார்க்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அந்தக் கோடையில் தன் பின்னறையை மூன்று கிழமைக்கு ஒரு நடனக்காரிக்கு விட்டார். அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பினப் பெண், ஏறக்குறைய என் வயதுதான். பழைய நகரத்தில், வுச்சீரியாச் சந்தையையும் தாண்டிப் போனால், கூரை இல்லாத ஒரு பெரிய தேவாலயம் இருக்கிறது. சுவர்கள் மட்டும் நிற்க, உள்ளே மரம் வளர்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். மேடை போடாமல், அந்த இடத்திலேயே, அங்கே கொட்டிய மண்ணிலேயே ஆடுவதற்காக அவள் வந்திருந்தாள். கூட ஆடுவதற்கு இந்த ஊரில் பிழைக்க வந்த ஆபிரிக்கர்கள் ஆறு பேரைச் சேர்த்திருந்தாள். அதில் ஒருத்தி என்னைப்போலவே வீட்டு வேலைக்காரி.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எங்களுடைய இலங்கைத் தமிழ் ஆட்களுக்குக் கறுப்பர்களைக் கண்டால் கைப்பை தானாக நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும், நாங்கள் என்னமோ பாலில் குளித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி. பஸ்ஸில் ஒரு சிசிலிக்காரி எங்களைப் பார்த்துத் தன் பையை இறுக்கினால் மட்டும் பற்றிக்கொண்டு வரும். நானும் அப்படித்தான் இருந்தேன். முதல் இரண்டு நாள் அவள் அறைக்குள் போவதென்றால் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுத்தான் போனேன். மூன்றாம் நாள் அவளே ஒரு கோப்பை தேத்தண்ணீர் போட்டுக்கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். இத்தாலிக்கு வந்த நாளிலிருந்து இன்னொருவர் கையால் நான் வாங்கிய முதல் தேத்தண்ணீர் அது. சீனி காணாது, ஆனாலும் குடித்தேன்.

நாலாம் நாள் இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன். "இத்தனை வெள்ளை எதற்கு? யார் செத்தது?"

எங்கள் ஊரில் வெள்ளைச் சேலைக்கு இருக்கிற ஒரே அர்த்தத்தை வைத்துத்தான் கேட்டேன். அவளுடைய இத்தாலியன் என்னுடையதைவிட மோசம். சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னாள். அவளுடைய முன்னோர்களைக் கப்பலில் அள்ளிக்கொண்டு போனார்களாம். கடலில் எறியப்பட்டவர்கள் போக, கரையேறியவர்களின் பெயர்களையும் பிடுங்கிவிட்டார்களாம். அவர்கள் இரவல் பெயரோடு வாழ்ந்து செத்தார்களாம். ஆனாலும் தண்ணீருக்குள் முக்கி எடுத்தால் ஆள் புதிதாகப் பிறக்கிறது என்று அவளுடைய சனம் நம்பியதாம். வட்டமாக நடந்து, காலால் நிலத்தைத் தேய்த்து, பாடிப் பாடி ஆவியை இறக்கியதாம். அதற்கான உடுப்புத்தான் இந்த வெள்ளை.

"கடைசியில் தண்ணீர் வார்த்துச் செத்தவர்களின் பெயரைச் சொல்லவேண்டும்," என்றாள். "எனக்குச் சொல்லப் பெயர் இல்லை. என் பாட்டனின் பாட்டனுக்கு என்ன பெயர் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே பார்க்க வருகிறவர்களைச் சொல்லச் சொல்லுவேன். நீயும் வந்து சொல்லு."

நான் இஸ்திரிப்பெட்டியைச் சட்டையின் மேல் வைத்தபடியே நின்றுவிட்டேன். தீய்ந்த மணம் வந்தபிறகுதான் கை எடுபட்டது. நல்லகாலம், மடிப்புக்குள் ஒரு சின்ன மஞ்சள் அடையாளத்தோடு தப்பிற்று.

அவளுக்குத் தெரியாது, அந்தக் கிழமைதான் எனக்கு என் புருஷனைப் பெற்ற மாமியின் கடிதம் வந்திருந்தது. வன்னியில் இடம்பெயர்ந்திருந்த மாமி எழுதிய கடிதம் இரண்டு மாதம் அலைந்து என்னிடம் சேர்ந்தது. "பிள்ளை, தம்பி போய் ஐஞ்சு வரியமாச்சு. ஐயர் கிரியையை இனியும் செய்யாமல் வைச்சிருக்கக் கூடாதெண்டு சொல்லுறார். அந்த ஆத்துமா அந்தரிச்சுக்கொண்டு நிக்குமாம். நீ பெண்சாதி. நீ ஓமெண்டு எழுதினால்தான் நான் செய்விக்கலாம்." அவ்வளவுதான் கடிதம். சுகநலம்கூட விசாரிக்கவில்லை.

என்னையும் இரண்டு வயது மகளையும் கொழும்பில் ஒரு அறையில் விட்டுவிட்டு, தாயை ஒருமுறை பார்த்துவரப் போனார் அவர். அப்போது சண்டையால் தரைப்பாதை மூடியிருந்தது, யாழ்ப்பாணத்துக்குப் போவதென்றால் கிளாலி நீரேரியைப் படகில் கடக்கவேண்டும். அந்தப் படகு அக்கரைக்குப் போகவில்லை. உடலும் கிடைக்கவில்லை. நான் பார்த்துப் பார்த்து இருந்துவிட்டு, வெளிநாடு போக ஏற்கெனவே காசு கட்டியிருந்த ஏஜென்சியோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டேன். அன்றிலிருந்து பொட்டும் அழிக்கவில்லை, தாலியும் கழற்றவில்லை. மகள் கேட்டால், "அப்பா அங்கை அலுவலாய் நிக்கிறார், வருவார்" என்பேன். முதலில் பிள்ளைக்காகச் சொன்ன பொய். பிறகு நானே அதில் குடியிருந்துவிட்டேன்.

அவர் பெயரை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் பெண்சாதி புருஷனின் பெயரைச் சொல்லமாட்டாள், சொன்னால் அவர் ஆயுள் குறையும். "இஞ்சாருங்கோ" என்பேன், மற்றவர்களிடம் "இவர்" என்பேன். காணாமற்போனவர்களைத் தேடுகிற அலுவலகத்தில் பெயரைக் கேட்டபோதுகூடப் பேனையை வாங்கி எழுதித்தான் கொடுத்தேன். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பைத்தியமா என்று நீங்கள் கேட்கலாம். ஆள் உயிரோடு இருக்கிறதா என்றே தெரியாத ஒருத்திக்கு, அந்த ஆயுளைக் காக்க வேறு என்ன வழி இருந்தது? ஐந்து வருஷமாக என் வாயை மூடி அவரை நான் பிடித்துவைத்திருந்தேன்.

நான் போவதாக இருக்கவில்லை. ஆனால் ஆட்டம் நடக்கிற நாளன்று பின்னேரம் சட்டைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டியிருந்தது. பள்ளிக்கூட விடுமுறை, மகளை விட்டுவிட்டு வர இடமில்லை. சிஞ்ஞோராவும் ஒரு விசிறியை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டார். மூன்று பேருமாகப் போனோம்.

சட்டைகளைக் கொடுத்துவிட்டு, ஆட்டம் தொடங்கும்வரை வெளியே நின்றோம். உள்ளே போனபோது வெயில் இன்னும் சுவரில் இருந்தது. ஒரு அறுபது, எழுபது பேர் சுவரோரமாக நின்றார்கள். நடுவில், பீடம் இருந்திருக்கவேண்டிய இடத்துக்கு முன்னால், ஏழு மண்மேடுகள். கிட்டப் போய்ப் பார்த்தேன். ஆறு மேடுகளிலிருந்து முகங்கள் மட்டும் வெளியே தெரிந்தன, கண்ணை மூடியபடி. நான் இஸ்திரி போட்ட சட்டைகளெல்லாம் அதற்குள்ளே. நடனக்காரி மட்டும் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள். ஒரு பறை, அதுவும் மெதுவாக. அவள் ஒவ்வொரு மேடாகக் குனிந்து, கையால் மண்ணை விலக்கி, நெற்றியில் தண்ணீர் தெளித்தாள். அவர்கள் ஒவ்வொருவராக மூச்சை இழுத்துக்கொண்டு எழும்பினார்கள். எழும்பியவர்கள் நிலத்தைக் காலால் தேய்த்துத் தேய்த்து வட்டமாக நடக்கத் தொடங்கினார்கள். பாட்டும் பறையும் ஏறின. சனம் அழுதது, சிரித்தது.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. மண்ணைத் தட்டிவிட்டு எழும்புகிறார்களாம். யாருக்குக் காட்டுகிறார்கள் இந்த வித்தையை? தண்ணீரில் போனவர்கள் ஒருவரும் எழும்பி வருவதில்லையடி, நான் ஐந்து வருஷம் பார்த்துக்கொண்டிருந்தவள் என்று அவளைப் பிடித்து உலுப்பவேண்டும்போல இருந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போகத் திரும்பினேன்.

பறை நின்றது. திரும்பிப் பார்த்தேன். நடனக்காரி ஏழாவது மேட்டின் முன் முழங்காலில் இருந்தாள். மண்ணை விலக்கினாள். மேலும் விலக்கினாள். இரண்டு கையாலும் நாய் தோண்டுவதுபோலத் தோண்டினாள். உள்ளே ஆள் இல்லை. ஒரு வெள்ளைச் சட்டை மட்டும் இருந்தது. அதை உதறினாள், தன் மடியில் போட்டுக் கைகளை நீட்டிவிட்டாள், கழுத்தைச் சரிசெய்தாள். பிள்ளைக்குச் சட்டை போட்டுவிடுகிற பக்குவம் அது. மற்ற ஆறு பேரும் அந்த வெறும் சட்டையைச் சுற்றி அதே நடை நடந்தார்கள், எழும்பியவர்களுக்கு நடந்த அதே மரியாதையோடு.

வெளியே போகத் திரும்பியவள் அங்கேயே நின்றேன். உடல் இல்லாத சாவுக்கும் இப்படி ஒரு இடம் வைத்திருக்கிறாளே என்று நினைத்தேன். எங்கள் ஐயர்மாருக்கு இருக்கிற சடங்குகளில் எனக்கு அது ஒன்றும் கிடைக்கவில்லை. அங்கே ஓம் அல்லது இல்லை, அவ்வளவுதான்.

பிறகு ஒரு மண்சட்டியில் தண்ணீர் சுற்றிவந்தது. வாங்கியவர் அதில் கொஞ்சத்தை நிலத்தில் ஊற்றி ஒரு பெயரைச் சொல்ல, எல்லாரும் அதைத் திருப்பிச் சொன்னார்கள். சிஞ்ஞோரா தன் புருஷனின் பெயரை, சாப்பிடக் கூப்பிடுவதுபோலச் சத்தமாகச் சொன்னார். சட்டி என் கைக்கு வந்தது.

நான் யோசிக்கவில்லை. தண்ணீர் சரிந்தது. வாய் தானாகத் திறந்து அவருடைய முழுப்பெயரையும் சொல்லிற்று. என் குரலில் அந்தப் பெயரை நான் கேட்டது அன்றுதான். அதை இங்கே எழுதமாட்டேன், ஒருமுறை போதும். அத்தனை பேரும் அதைத் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி வளைத்துத் திருப்பிச் சொன்னார்கள்.

மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"அம்மா, ஏன் என்ரை பேரைச் சொன்னனீங்கள்? நான் சாகேல்லைத்தானே?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. தகப்பனின் பெயர்தான் இங்கே அவளுக்குக் குடும்பப் பெயர். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை ஒவ்வொரு நாளும் கூப்பிடுவது அதைச் சொல்லித்தான். அவள் அந்தப் பெயரை அப்பாவோடு சேர்த்துக் கேட்டதே இல்லை. சொல்லியிருக்கவேண்டியவள் நான்.

குந்தி இருந்து அவள் முகத்தைப் பிடித்தேன். "அது உன்ரை பேரில்லைக் குஞ்சு. அப்பான்ரை பேர்."

அவள் மண்ணில் கிடந்த சட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப, அப்பா செத்திட்டாரோ?"

இதற்குப் பதிலாக ஒரே ஒரு சொல்லைத்தான் மாமியும் எழுதிக் கேட்டிருந்தார். அவருக்கு இத்தனை நாளாக எழுதமுடியாமல் இருந்ததைப் பிள்ளையின் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

"ஓம்."

அவள் அழவில்லை. சட்டியைத் தன்னிடம் தரச்சொல்லிக் கையை நீட்டினாள். மீதி இருந்த தண்ணீரை ஒரு சொட்டும் விடாமல் ஊற்றினாள். நான் சொன்ன பெயரைச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்பா," என்றாள்.

அந்தச் சனத்துக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்கு அதுவும் செத்துப்போன ஒரு ஆளின் பெயர். சிஞ்ஞோராவும், நடனக்காரியும், மண் அப்பிய அந்த ஆறு பேரும், சுவரோரம் நின்ற அத்தனை பேரும் ஒன்றாக, உரத்து, "அப்பா" என்றார்கள்.