ஓடைக்கரையில் காத்து நின்ற காதர் பாய்

பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் பரிசளிப்புக்காக எல்லோரும் கூடியிருந்தபோதுதான் செய்தி வந்தது. டிங்கிப் படகில் மீன் பிடிக்கிறவர் ஒருவர் ஓடிவந்து, "காதர் பாய் ஓடையில போயிட்டாரு. இப்பத்தான் தூக்கிக் கரையில போட்டோம்" என்றார். ஒலிபெருக்கி பாடிக்கொண்டே இருந்தது.

காதர் மைதீன் கீழக்கரையிலிருந்து கப்பலேறி வந்து இந்தத் தீவில் ஜவுளிக்கடை வைத்தவர். பெரார்கஞ்சிலிருந்து பாம்பூஃப்ளாட் வரை காட்டுப்பாதையில் வருடாவருடம் ஓடும் வழக்கத்தை அவர்தான் தொடங்கினார். என்னைப் போன்ற குமாஸ்தாக்கள், கடைக்காரர்கள், வயலில் உழுகிற வங்காளிகள் எல்லோரும் வெறுங்காலோடு, அட்டைக்கடி வாங்கிக்கொண்டு ஓடுவோம். ஜெயித்தவருக்கு மாலை. தோற்றவர்களுக்கும் பிரியாணி உண்டு.

சட்டம் ஒன்றே ஒன்று. வழியில் ஒரு சதுப்பு ஓடை. கடல் ஏறினால் சேறு காலைப் பிடிக்கும், தண்ணீர் இழுக்கும். முதலில் வருபவர் கரையில் நிற்க வேண்டும். கடைசி ஆளும் வந்தபிறகு கைகோத்துக் கடப்போம், பந்தயம் அக்கரையிலிருந்துதான். காதர் பாய் காட்டைப் பார்த்து, "பீச்சே கோன் ஹை?" என்று கத்துவார். பின்னால் யார் என்று எல்லா மொழிக்காரருக்கும் புரிகிற இந்தியில் கேட்பார். ஒருமுறை கால் பிசகி நான் நொண்டி வர மத்தியானம் ஆகிவிட்டது. அத்தனை பேரும் காத்திருந்தார்கள். "நீ வராம நாங்க போயி சோறு தின்னா செமிக்குமாப்பா?" என்றார் காதர் பாய்.

பிறகு மரக் கான்ட்ராக்டர்கள் ஓட்டத்தை நடத்தப் பணத்தோடு நுழைந்தார்கள். மெயின்லேண்டிலிருந்து சம்பளத்துக்கு ஓடுகிறவர்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். ஆணி வைத்த பூட்ஸ், கோச், ஸ்டாப்வாட்ச். அவர்கள் ஓடுவது பார்க்க அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். காத்திருந்தால் நேரக்கணக்கு கெடுகிறது என்று அவர்கள் வைத்த கமிட்டி அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டது. "டைம் பாக்க ஆள் வச்சிட்டீங்க. ஆளப் பாக்க யாரு?" என்று காதர் பாய் கேட்டார். கோச் சிரித்தார். "அதுக்குத்தான் ஜீப் இருக்கே, பாய்."

அன்று ஜீப் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. தசை பிடித்துப் பின்தங்கிய சௌல்தாரி ஊர்க்காரர் ஒருவரை ஏற்றிக்கொண்டு சாலை வழியாக ஜெட்டிக்கு வந்துவிட்டது. ஓடைக்குச் சொல்லி அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. அங்கே, சட்டம் போனபிறகும் முன்னாலேயே போய் நின்ற காதர் பாய், அவருக்காகத்தான் காத்திருந்திருக்கிறார். டிங்கிக்காரர் அந்தப் பக்கம் போகும்போது, "தண்ணி ஏறுது பாய், வாங்க, அக்கரையில விட்டுர்றேன்" என்று கூப்பிட்டிருக்கிறார். "நீ போப்பா. இன்னும் ஒரு ஆளு வரணும்" என்றாராம். திரும்பி வந்தபோது கரையில் ஆள் இல்லை. யாரும் வராமல், கடைசியில் தனியாக இறங்கியிருக்க வேண்டும். கோக்க ஒரு கை இல்லை.

ஓடையில் பாயைப் பார்த்தாயா என்று முதல் பரிசு வாங்கியவனிடம் கேட்டேன். "பின்னாடி யாருன்னு கேட்டாரு சார். நின்னு பதில் சொன்னா டைம் போயிரும்ல?" என்றான். எனக்கு ஆத்திரம் வந்தது. அவனை அடித்து என்ன ஆகப்போகிறது?

அடுத்த வருடமும் ஓட்டம் உண்டாம். நான் போகமாட்டேன். அவருடைய அந்தக் கேள்வி மட்டும் என்னோடு இருக்கிறது. அன்று அதற்குப் பதில் சொல்ல ஒருவரும் நிற்கவில்லை. இப்போது நான் சொல்கிறேன்: பின்னால் யாரும் இல்லை, பாய். நீங்கள்தான் கடைசி ஆள். நாங்கள்தான் காத்திருந்திருக்க வேண்டும்.