நான் சொன்ன ஐந்தே நிமிடம்

எண்பதுகளின் தொடக்கம். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்போது திருமங்கலத்தில் நான் மைக்செட் வைத்திருந்தேன். காதுகுத்தோ கட்சிக் கூட்டமோ, எதுவானாலும் அறிவிப்பு என் குரல்தான். அந்தக் குரல் மீது எனக்குக் கொஞ்சம் கர்வம் என்பதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்து நாள் முன்பு கூலிங் கிளாஸ் போட்ட ஓர் ஆசாமி வந்தார். மெட்ராஸிலிருந்து சினிமா நட்சத்திரங்களைக் கூட்டி வந்து கலைவிழா நடத்தப்போவதாகச் சொன்னார். ஒரு வாரம் ஊர் ஊராகக் காரில் சுற்றி நானே மைக்கில் கத்தினேன். அறுவடை முடிந்த ஒரு வயலில் மேடை போட்டார்கள். ஜனத்துக்குப் பந்தல்கூடக் கிடையாது. மூன்று மணி விழாவுக்குப் பன்னிரண்டு மணிக்கே கூட்டம் நெருக்கியடித்தது. டிக்கெட் காசை ஆசாமியே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். மேடைக்கு வருகிற துண்டுச் சீட்டை, மறுகேள்வி கேட்காமல் படித்துவிடுவோம். "டெலிபோன் இருக்குற டீக்கடைக்குப் போறேன். கார் எங்க வருதுன்னு சீட்டு அனுப்புறேன், படிச்சிருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு ஆசாமி போனார்.

மூன்று மணிக்கு டீக்கடைக்காரர் முதல் சீட்டைக் கொண்டுவந்தார். நட்சத்திரங்கள் மேலூரைத் தாண்டிவிட்டார்களாம். விசில் பறந்தது. அடுத்த சீட்டில் மதுரைக்குள் வந்துவிட்டார்கள்.

முன்வரிசையில் ஒரு தம்பதி. அந்த அம்மாவின் மடியில் நாலைந்து வயதுப் பெண் குழந்தை, வெயிலில் துவண்டு கிடந்தது. அவர் போகலாம் என்று எழுந்திருப்பதும், நான் சீட்டைப் படித்ததும் புருஷன் கையைப் பிடித்து உட்கார வைப்பதுமாக இருந்தார்கள். எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. ரோட்டைப் பார்ப்பேன், வாட்சைப் பார்ப்பேன்.

நாலரைக்கு மூன்றாவது சீட்டு. 'திருப்பரங்குன்றம்' என்று மட்டும் இருந்தது. கூட்டம் கலைகிற மாதிரி தெரிந்ததும், "இன்னும் ஐந்தே நிமிடம்!" என்று என் சரக்கையும் சேர்த்துவிட்டேன். எழுந்து நின்ற அந்த அம்மா மறுபடி உட்கார்ந்தார்.

ஐந்தரை ஆகியும் ஒரு காரும் வரவில்லை. பொறுக்க முடியாமல் டீக்கடைக்கு ஓடினேன்.

"போனு செத்து மூணு நாளாச்சேண்ணே. அவரு மத்தியானமே மூணு சீட்டையும் எழுதிக் குடுத்து, மூணு மணியில இருந்து முக்கா மணிக்கு ஒருக்கா ஒண்ணொண்ணா குடுக்கச் சொல்லிட்டு பஸ் ஏறிட்டாரு" என்றார் கடைக்காரர்.

திரும்பி வருவதற்குள் என் ஸ்பீக்கர்களை உடைத்துப்போட்டிருந்தார்கள். மேடையோரம் அந்த அம்மா அலறிக்கொண்டிருந்தார். குழந்தை மயங்கிவிட்டது. நான்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றி, குழந்தை கண் திறக்க ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தில் நான் வேண்டாத சாமி இல்லை.

"அந்த ஆளு எழுதிக் குடுத்ததைத்தான் படிச்சேன், மன்னிச்சிருங்க" என்றேன் புருஷனிடம்.

அவர் கோபப்படவில்லை. "அவன் யாரோ எவனோ, எங்களுக்குத் தெரியாதுண்ணே. அஞ்சு நிமிசம்னு நீங்க சொன்னீங்கள்ல, அதை நம்பித்தான் இவளை உக்கார வச்சேன்" என்றார்.

அந்த ஆசாமி கடைசிவரை பிடிபடவில்லை. அவனைத் திட்டாத ஆள் எங்கள் ஊரில் கிடையாது, நானும் சேர்ந்து திட்டுவேன். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை அவன் எழுதித் தரவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.