கிழங்கும் மீன்கறியும் ஒரு வரிசையும்

போன சனிக்கிழமை மகன் எங்களைச் சிறுசேரிப் பக்கம் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப் போனான். வாசலில் ஒரு பெண் அவனுடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டு, இடம் காலியானதும் மெசேஜ் வரும் என்றாள். மற்றவர்கள் காற்றாட நடக்கப் போனார்கள். நான் மட்டும் பழக்கதோஷத்தில், இல்லாத ஒரு வரிசையின் முதல் ஆளாக வாசலிலேயே நின்றேன். உள்ளிருந்து தேங்காயெண்ணெயில் தாளித்த மீன்கறி வாசனை வந்தது. என் மனைவி தங்கம் திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எதற்கென்று எனக்குத் தெரியும். நானே சொல்லிவிடுகிறேன், அவள் சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் நாங்கள் கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்கு நிர்வாகப் பிரிவில் வேலை. எந்த மனு எந்த மேசைக்கு எத்தனை நகலோடு போக வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் எழுப்பிக் கேட்டதில்லை. பகலில் கேட்காமலேயே சொல்லிவிடுவேன். எங்கள் குவார்ட்டர்ஸில் பாலுக்கும் வரிசை, கேஸுக்கும் வரிசை. ஆள் நிற்க முடியாவிட்டால் பை நிற்கும். யாராவது நின்றால் பின்னால் போய் நின்றுவிட வேண்டும். எதற்கென்று பிறகு விசாரித்துக்கொள்ளலாம்.

தங்கம் நாகர்கோவில்காரி. அவள் மரச்சீனி என்று சொல்லும் மரவள்ளிக் கிழங்கு, எங்கள் மார்க்கெட்டில் கிடைத்தது, எவ்வளவு வேகவைத்தாலும் சோப்புக்கட்டி மாதிரியே இருக்கும். சில வருடங்கள் போராடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். அப்போதுதான் மாமல்லபுரம் கடற்கரையில் உணவுத் திருவிழா, ஊருக்கு ஒரு கடை, குமரிப் பக்கத்துக் கடையும் உண்டு என்று செய்தி வந்தது. கூட்டம் என்றாலே தலைவலி என்பவள், எனக்கு முன்னால் புடவை கட்டித் தயாராகிவிட்டாள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். கிழங்கும் மீன்கறியும் போதும்."

நான் வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

செங்கல்பட்டிலிருந்தும் திருப்போரூரிலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கியிருந்தது. எல்லோருடைய தோசையிலும் சமமாக மணல். குமரிக் கடை முன்னால் ஒரே அடிதடி. எனக்கு அது நாகரிகமாகப் படவில்லை. கடைக்குப் பக்கவாட்டில், மூங்கில் கம்பத்தை ஒட்டி ஒருவர் தனியாக, அமைதியாக நின்றிருந்தார். முறையான வரிசை அதுதான் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவருக்குப் பின்னால் நின்றேன்.

கேட்டுவிட்டு நிற்கலாமே என்றாள் தங்கம். கேட்க என்ன இருக்கிறது, நீ போய் உட்கார் என்றேன்.

கணக்குப் பிரிவு பத்மநாபன் குடும்பத்தோடு வந்தார், என்னைப் பார்த்தார், பின்னால் நின்றார். அவரைப் பார்த்து இன்னொரு குடும்பம். கொஞ்ச நேரத்தில் வரிசை கடலைத் தொடும் அளவுக்கு நீண்டு, சுண்டல் விற்பவரே இந்தப் பக்கம் வந்துவிட்டார். குறுக்கே நுழைந்த இரண்டு பேரை நான் கண்டித்துக் கடைசிக்கு அனுப்பினேன். வரிசை நகரவில்லைதான். என் அனுபவத்தில் வரிசை நகர்ந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

முன்னால் நின்றவர் எதேச்சையாகத் திரும்பிப் பார்த்து மிரண்டுபோனார்.

"இன்னா சார், பின்னாடி இவ்ளோ ஜனம் நின்னுகினு கீது?"

"நீங்க எதுக்கு நிக்கிறீங்க?"

"நான் ஜெனரேட்டர் ஆளு சார். கரண்டு போச்சுனா ஓடிப்போய்ப் போடணும்ல, அதான்."

பத்மநாபன், என் பில்லைத் திருப்பி அனுப்பும் அதே குரலில், "நீங்க நின்னீங்கன்னுதான் சார் நாங்க நின்னோம்" என்றார்.

அதே நேரம் கடையில் அண்டாவைக் கவிழ்த்தார்கள். கிழங்கு தீர்ந்துவிட்டது. வாக்குக் கொடுத்தவன் எந்த முகத்தோடு போவது? போனால், உட்காரவைத்த இடத்தில் தங்கத்தைக் காணோம்.

கடையின் பின்புறம் கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் இலை, பக்கத்தில் சமையல்கார அம்மா. அந்த அம்மா யாரையோ திட்டிய குரல் இவள் காதில் விழ, எழுந்துபோய் "அக்கா, எந்த ஊரு?" என்று கேட்டிருக்கிறாள். "தக்கலை மக்கா, உனக்கு?" அவ்வளவுதான் நடைமுறை. இருவரும் பேசிய வேகத்தில் எனக்குப் பாதி புரியவில்லை. இத்தனை வருடமும் எனக்காக அவள் மெதுவாகப் பேசிவந்திருக்கிறாள் என்பது அன்றுதான் உறைத்தது.

தலைநிமிர்ந்து, "வரிசை தீந்துதா?" என்றாள். எனக்காக ஒரு பொட்டலம் எடுத்து வைத்திருந்தாள்.

மணலில் உட்கார்ந்து அதை முறைப்படி பிரித்தோம். முதல் பங்கு ஜெனரேட்டர்காரருக்கு, அடுத்தது எனக்கு, பிறகு பத்மநாபனுக்கு. கடைசியில் நின்றவர்கள் சுண்டலோடு போய்விட்டார்கள்.

இப்போது அந்த மணலைச் சுற்றி ஏதோ விடுதியின் மதில். பத்மநாபன் ஊரப்பாக்கத்தில் இருக்கிறார்; பால் வாசலுக்கே வருகிறதாம், யார் பின்னாலும் நிற்பதில்லை.

சிறுசேரியில் மெசேஜ் வந்தது, உட்கார்ந்தோம். கிழங்கு பஞ்சாக வெந்திருந்தது. அன்றையதைவிட நன்றாகவே இருந்தது. பரிமாறியவரிடம் தங்கம், "உள்ள சமைக்கது எந்த ஊர்க்காரங்க?" என்று கேட்டாள். அவர் தெரியாது மேடம் என்று சொல்லிவிட்டு, கருத்து ஏதாவது இருந்தால் பதியலாம் என்று மேசையில் ஒட்டியிருந்த க்யூஆர் கோடு கட்டத்தைக் காட்டினார்.

அவள் சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். அதற்குள் எப்படிப் போவது என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.