சீனா வாங்குகிற தங்கமும் நான் விற்காத காரும்

கார் விற்கிறவளிடம் காரைப் பற்றி ஒரு நாளைக்கு ஒரு கேள்வி வந்தாலே பெரிய காரியம். மிச்சமெல்லாம் உலக விசயம். கனடாவின் ஸ்காபரோவில் கமிஷனை நம்பிச் சீவிக்கிற உங்களுக்கு இது புதுசில்லை. இருந்தாலும் சொல்லி ஆறுகிறேன்.

எங்கை ஓட்டை?

ஒரு அண்ணை ஹைபிரிட் கார் ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்தார். பெற்றோல் மூடியைத் திறந்து பார்த்தார். வயர் செருகுகிற இடத்தைத் தேடுகிறாராம். "இதுக்கு வயர் இல்லை அண்ணை. ஓடேக்கை தானாப் பற்றரியைச் சார்ச் பண்ணும். வயரும் பெற்றோலும் ரெண்டும் வேணுமெண்டால் பிளக்-இன். பெற்றோலே வேண்டாமெண்டால் முழு எலக்ரிக்" என்று விளக்கினேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு தெளிவாக எதையும் ஒப்புவித்ததில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அப்ப உது பெற்றோல் கார்தானே தங்கச்சி. நேரை சொன்னால் என்ன?"

அரைவாசி நியாயம்

ஹைபிரிட் வாங்கிப்போன அங்கிள் ஒருவர் அடுத்த கிழமையே கோபமாக ஃபோன் எடுத்தார். பிளாசாவில் எலக்ரிக் கார்களைச் சார்ச் பண்ண ஒதுக்கிய இடத்தில் நிறுத்தியிருக்கிறார், அபராத ரிக்கெற் எழுதிவிட்டார்கள். "உங்கடை கார் அந்த வகை இல்லை அங்கிள்" என்றேன். அங்கிள் கணக்குப் போட்டார். பிறகு:

"கார் அரைவாசிதானே பிள்ளை பெற்றோல்? அப்ப ரிக்கெற்றும் அரைவாசிதானே வரோணும்?"

கெவினின் கோப்பி

என்னோடு வேலை செய்கிற கெவினின் தாய் தகப்பன் சீனாவிலிருந்து வந்தவர்கள். அவன் பிறந்து வளர்ந்தது பக்கத்து மார்க்கம் நகரத்தில். சீனா தங்கம் வாங்கிக் குவிக்கிறது, அதால் விலை ஏறுகிறது என்று செய்தி வரத் தொடங்கிய நாளிலிருந்து அவனுக்கு நிம்மதியில்லை. எங்கள் தமிழ் ஆட்கள் அவனை, அந்தத் தங்கம் எல்லாவற்றையும் வீட்டு பேஸ்மென்ற்றில் பதுக்கி வைத்திருப்பவனைப் போலப் பார்க்கிறார்கள். மகளுக்குக் கலியாணம் வைத்திருந்த அன்ரி ஒருவர் நேரே கேட்டார், எப்போது நிப்பாட்டப் போகிறீர்கள் என்று. அதை நான் கெவினுக்கு இங்கிலிசில் சொன்னேன். அவன் கையிலிருந்த கோப்பியைத் தூக்கிக் காட்டினான். அவன் சொன்னதைத் தமிழில் அன்ரிக்குச் சொன்னதும் நான்தான்:

"இந்த மாசம் நான் வாங்கினது இது மட்டும்தான், அன்ரி."

காப்பு ஏற ஏற

அந்த மாதம் இன்னும் ஒரு கார் விற்காவிட்டால் என் வேலைக்கே ஆபத்து என்று மனேஜர் சொல்லியிருந்தார். அப்போதுதான் ஸ்ரௌவ்வில்லில் இருந்து ஒரு தம்பதி வந்தார்கள். முழு எலக்ரிக் காரில் ஏறியிருந்த அண்ணைக்கு இறங்க மனமில்லை. பக்கத்து நகைக்கடையில் அக்காவின் தங்கக் காப்புகளை விற்று முற்பணம் கட்டுவதாக ஏற்பாடு. காப்புகள் அவவின் கைப்பையில்.

அந்த நேரம் பார்த்து அக்காவின் ஃபோனில் செய்தி: சீனா இன்னும் வாங்குகிறதாம். "அப்ப விலை இன்னும் ஏறும்" என்று ஒரு சோடிக் காப்பை எடுத்துக் கையில் போட்டா. கார் பிளக்-இன்னுக்கு இறங்கியது. இன்னொரு சோடி ஏறியது. கார் வெறும் ஹைபிரிட் ஆனது. கடைசிச் சோடியும் ஏறியதும் தங்கள் பழைய காரிலேயே போய்விட்டார்கள். வாசலில் நின்று கைகாட்டினேன். எனக்கு அழுகைதான் வந்தது.

மாதம் முடிய முன்னர் அந்தப் பழைய கார் நடுரோட்டில் நின்றுவிட்டது. திரும்பி வந்தார்கள். அண்ணை ஆசைப்பட்ட அதே எலக்ரிக் கார், முழுவதும் லோனில். என் வேலை தப்பியது. கையெழுத்து வைத்துவிட்டு அண்ணை பெருமூச்சு விட்டார். அக்கா காப்புகள் குலுங்க அவருடைய முதுகில் தட்டினா:

"லோன் உங்கடை பேரிலை, தங்கம் என்ரை கையிலை. இனி நிம்மதியா ஓடுங்கோ."

கொம்பனி கார்களை எத்தனை வகையாகப் பிரித்தாலும், எனக்குத் தெரிந்து இருப்பது இரண்டே வகைதான்: வீட்டுக்காரி ஓமென்ற கார், இன்னும் ஷோறூமில் நிற்கிற கார்.