முதலாளிக்கு ஒரு கணக்கு, அடுப்புக்கு ஒரு கணக்கு

அடையாறில் ஒரு நிச்சயதார்த்தம். இருநூறு பேர் சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். சமையற்கட்டில் இன்னும் நூறு பேருக்கான சாதமும் சாம்பாரும் அப்படியே இருந்தன. அளவு சொன்னது நான் செய்த சாஃப்ட்வேர்.

மயிலாப்பூர் கேட்டரிங் கான்ட்ராக்டர் வரதன் மாமாதான் எங்கள் முதல் கஸ்டமர். அவர் வேண்டாம் என்றால் எங்கள் நாலு பேர் டீமையே கலைத்துவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

சாஃப்ட்வேரில் இரண்டு பாகம். ஒன்று டெசிஷன் சப்போர்ட். பழைய விசேஷங்களின் விவரத்தை வைத்து, எத்தனை பேர் வருவார்கள் என்று முதலாளிக்குக் காட்டும். இருநூறு என்று காட்டியது, இருநூறு பேர்தான் வந்தார்கள். இன்னொன்று எக்ஸ்பர்ட் சிஸ்டம். தலைமைச் சமையல்காரர் கன்னியப்பன் மாஸ்டரின் அனுபவத்தை விதிகளாக்கி, இத்தனை பேருக்கு இவ்வளவு சாமான் என்று லிஸ்ட் போடும். இரண்டு வாரம் நோட்டும் கையுமாக அவர் பின்னால் அலைந்து நூற்று நாற்பது விதிகள் எழுதினேன். அவர் போடும் லிஸ்டும் கம்ப்யூட்டர் லிஸ்டும் இம்மி பிசகாமல் ஒத்துப்போனதும் டீமுக்கு போண்டா வாங்கிக் கொடுத்தேன். கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

மாஸ்டர் அண்டாவைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"இன்னா மொதலாளி, இந்தத் தபா நீங்க லிஸ்ட்ட வெட்டவே இல்லியா?"

"கம்ப்யூட்டர் சொல்லிடுத்தேன்னு நான் கையே வைக்கலைடா!"

"போச்சுடா! முப்பது கிலோ அரிசி வந்துகீது, அப்போ நாப்பத்தஞ்சுலேர்ந்து வெட்டிகீறாருன்னு நென்ச்சேன். முந்நூறு பேருன்னு ஒல வெச்சிட்டேன்."

"இருநூறு பேருக்கு முப்பது கிலோன்னு நீங்கதானே மாஸ்டர் சொன்னீங்க?" என்றேன். அழுகை வரும்போல் இருந்தது.

"அது மொதலாளிக்குச் சொல்ற கணக்கும்மா. அவுரு மூணுல ஒரு பங்க வெட்டுவாரு. அடுப்புக்கு வேண்டியது இருவதுதான்."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"நீ கேக்கவே இல்லியே."

இத்தனை வருஷ மோசடி அம்பலமானதில் மாமா வெடிப்பார் என்று நினைத்தேன். அவரோ, "நேக்குத் தெரியாதா? இவன் கூட்டிப் போடுவான்னுதானே நான் குறைச்சுண்டே வரேன்!" என்றார். மாஸ்டர் தன் பேட்டைக்குப் போன் போட்டார். அங்கிருந்து ஆட்கள் வந்து சாப்பிட்டு, ஒரு மணி நேரத்தில் அண்டாக்கள் காலி.

மறுநாள் விதிகளைத் திருத்தி, இருபது கிலோ என்று வரவைத்து மாமாவிடம் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில், "பதிமூணு போறுமே" என்றார். தொட்டில் பழக்கம். திரும்பிப் போய், அவருடைய திரையில் மட்டும் முப்பது என்று வரும்படி செய்தேன். அதை இருபதாக வெட்டிவிட்டு, "இப்பத்தான் உங்க மெஷினுக்குப் புத்தி வந்திருக்கு" என்றார். எங்கள் டீம் பிழைத்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். அனுபவசாலி சொல்வதை எழுதும்போது, அதை அவர் வழக்கமாக யாரிடம் சொல்வார் என்றும் கேட்டு எழுதுங்கள்.

அந்த வாரமே மேனேஜர் கூப்பிட்டார். அடுத்த கஸ்டமர் வேலைக்கு எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டார்.

"ஆறு வாரம் சார்."

"அதெல்லாம் முடியாது. நாலுல முடிங்க."

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சரி என்றேன். எனக்கு வேண்டியதும் நாலுதான்.