வீட்டுக்கு மட்டும் இரண்டு வரிசை

எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு என்றால் நான் எப்படிப்பட்டவள் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். கல்யாண வீட்டில் இரண்டாம் பந்தியிலும் கூச்சமில்லாமல் போய் உட்கார்ந்தவள்! அப்பேர்ப்பட்ட நான், இந்தத் தை மாதம் ராஜபாளையத்தில் ஒரு வீட்டில் அந்தக் குழம்பைப் பயந்து பயந்து சாப்பிட்டேன்.

குழம்பு வைத்தது கவிதா. என் பள்ளித் தோழி முத்துலட்சுமியின் மகள். புருஷனுக்கு அங்கே நூல் மில்லில் வேலை. மாமியார், கொழுந்தன்மார் என்று நிறைந்த வீடு. அவளுக்கு அப்போது நான்காவது மாதம்.

முத்துலட்சுமிக்கு ஊர் கூமாப்பட்டி. அந்தக் காலத்தில் தினமும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து என்னோடு படித்தாள். அத்தை மகனையே கட்டிக்கொண்டு அதே ஊரில் விவசாயம் பார்க்கிறாள். ஒரு ஏக்கர் கத்தரி... கிணற்றடியில் இரண்டு வரிசை மட்டும் வீட்டுக்கு. மீதியெல்லாம் சந்தைக்கு.

என்ன வித்தியாசம்? வீட்டு வரிசைக்குச் சாம்பலும் வேப்பங்கொட்டைக் கரைசலும். சந்தை வரிசைக்கு வாரம் தவறாமல் பூச்சி மருந்து.

இதில் ரகசியம் ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். தெரியாமல் நான் ஒருநாள் சந்தை வரிசையில் கை வைத்துவிட்டேன். "ஏட்டி, அதைப் பறிக்காத! அது விக்கிறதுக்கு" என்று வரப்பிலிருந்து கத்தினாள்.

மகள் உண்டான நாளிலிருந்து வாராவாரம் வீட்டு வரிசைக் காயை மஞ்சப்பையில் போட்டு ராஜபாளையத்துக்குக் கொண்டுபோவாள். ஒருநாளும் வெறுங்கையோடு போனதில்லை. பேரப்பிள்ளை வயிற்றிலிருக்கும்போதே விஷம் போகக்கூடாது என்று அவளுக்கு ஒரு வைராக்கியம். தை மாதத்தில் ஒருநாள் துணைக்கு நானும் பஸ் ஏறினேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். கவிதா ஒரு சட்டி நிறையக் குழம்பைக் கொண்டுவந்து வைத்தாள். முத்துலட்சுமி சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, இன்னைக்குக் கொண்டாந்த பையை இன்னும் நீ பிரிக்கவே இல்லையே. போன வாரத்துக் காயா இம்புட்டு இருக்கு?"

"அது ரெண்டு நாளுக்குக்கூட காணாதும்மா, இத்தனை பேருக்கு. இது மார்க்கெட்டுல வாங்குனது. ஆனா, நம்ம காய்தான்!"

"நம்ம காயா?"

"சாக்குல மையால மு.ல.ன்னு எழுதி அனுப்புவேல்ல? உன் எழுத்து எனக்குத் தெரியாதா? அந்தச் சாக்கைக் கண்டாலே நம்ம வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்மா. அதுல மட்டுந்தான் வாங்குவேன். இந்த மசக்கையில தொண்டையில எறங்குறதே இது ஒண்ணுதான்."

முத்துலட்சுமி சட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். முழுக் கத்தரிக்காய்களாக எடுத்துத் தன் தட்டில் போட்டாள். மகள் தட்டில் இருந்ததையும் எடுத்தாள்.

"என்னம்மா, அம்புட்டுப் பசியா?" என்று கவிதா சிரித்தாள்.

"ஆமா."

"செத்த மெதுவா சாப்பிடுங்க மதினி, அடுப்பங்கரையில இன்னும் இருக்கு" என்றார் சம்பந்தியம்மா.

"அதையும் கொண்டாங்க."

நானும் என் பங்குக்கு நாலு காயை எடுத்துப் போட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்ய? இருவருமாகத் தின்று தீர்த்தோம்.

பஸ் ஸ்டாப்பில் வந்துதான் முத்துலட்சுமி சொன்னாள். "முந்தாநாள் அடிச்ச மருந்துடி. நேத்துப் பறிச்சு ஏத்துனேன். அடிச்சா ஒரு வாரம் பறிக்கக்கூடாதுன்னு மருந்துக்கடைக்காரரே சொன்னாரு. ஒரு வாரம் விட்டா புழு விழுந்துரும், யாவாரி தொட மாட்டான். எங்க ஊர்ல எவ காத்திருக்கா?"

"கவிதாகிட்டச் சொல்லியிருக்கலாமேடி?"

"எப்படிச் சொல்ல? சாக்கைக் கண்டா வீட்டுக்கு வந்த மாதிரி இருக்குங்கா. அதையும் நானே புடுங்கிரவா?"

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்க வேண்டிய நானும் இறங்காமல் அவள் கூடவே ஊர் வரைக்கும் போனேன். அவளைத் தனியாக விட மனசு வரவில்லை.

அந்த வழியில் போனாலே எனக்குப் பாவாடை தாவணி வயசு வந்துவிடும். சனிக்கிழமைகளில் அவள் தோட்டமே கதி என்று கிடப்பேன். வெள்ளரிப் பிஞ்சைப் பறித்து, பாவாடையில் ஒரு துடை துடைத்து, கடி! கழுவ வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது? தாகத்துக்கு வாய்க்கால் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடிப்போம். கால் வைத்தால் அயிரை மீன் கூட்டமாக வந்து கடிக்கும். மழை விட்ட சாயங்காலம் தவளைகள் போடும் சத்தத்தில், அவள் அப்பா பக்கத்தில் நின்று பேசுவதே காதில் விழாது. பூசணிப் பூவுக்குள் எப்போதும் ஒரு தேனீ இருக்கும். பார்க்காமல் பறித்து நான் கொட்டு வாங்கியதும் உண்டு.

அப்போது மருந்தே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஊருக்கு ஒரே ஒரு ஸ்பிரேயர், அதிலும் பாதி நாள் ரிப்பேர்! அந்த ரிப்பேரால் பிழைத்த மீன்கள்தான் எங்கள் காலைக் கடித்தன போலும். இப்போது வீட்டுக்கு வீடு பவர் ஸ்பிரேயர். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது... அதற்குள் ஒன்றும் ஓடவில்லை. பூசணிப் பூவுக்குத் தேனீ வருவதில்லை என்று இவர்களே காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தேய்க்கிறார்கள்.

அந்த வாய்க்காலில் இன்னொரு தடவை காலை நனைத்துக்கொண்டு உட்கார மாட்டோமா என்று அன்றைக்கு ரொம்ப ஏக்கமாக இருந்தது.

முத்துலட்சுமியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் மட்டும் என்னவாம்? ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆர்கானிக் கடையைத் தேடிப்போய், கேட்ட விலையைக் கொடுத்து, என் வீட்டு அடுப்பை மட்டும் காப்பாற்றிக்கொண்டதாக நிம்மதியாகத் தூங்குகிறேன். அவளுக்குக் கிணற்றடியில் இரண்டு வரிசை. எனக்குக் கடையில் ஒரு கூடை. நம் வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பதை யார் பிள்ளை தின்கிறது என்று நாம் எப்போதாவது கேட்டிருக்கிறோமா?

அந்த வாரத்தோடு முத்துலட்சுமி மருந்தை நிறுத்தினாள்.

சொல்ல எளிது. விடிந்ததும் செடி செடியாகப் போய், புழு துளைத்து வாடிய குருத்தைக் கிள்ளி எரிக்க வேண்டும். வேப்பங்கொட்டையை இடித்து ஊற வைத்து வடிகட்டித் தெளிக்க வேண்டும். ஆண் அந்துப்பூச்சியை மயக்கிப் பிடிக்கிற பொறிகளை வாங்கி ஏக்கர் முழுக்கத் தொங்கவிட்டாள். ஓரத்தில் செண்டுப்பூ நட்டாள். அப்படியும் காய் பாதியாகக் குறைந்தது. அதிலும் சொத்தை.

"அவிய எங்கூடப் பேசியே ஒரு வாரமாச்சு" என்று புருஷனைச் சொல்லிப் போனில் அழுதாள். "திரும்ப மருந்தடிச்சிருவோமான்னு தோணுதுடி." நான் ஆறுதல் சொன்னேன். ஆறுதலுக்கென்ன, காசா பணமா?

பங்குனியில் போய்ப் பார்த்தேன். பூசணிப் பூவை எட்டிப் பார்த்தேன், தேனீ இல்லை. வாய்க்காலில் அயிரை இல்லை. ஆனால், வரப்பில் நடக்கும்போது காலில் ஏதோ விழுந்து குதித்து ஓடியது. அலறிவிட்டேன். தவளை! ஒரே ஒரு தவளைக்காக யாராவது கண் கலங்குவார்களா? நான் கலங்கினேன்.

"இப்ப எதுடி வீட்டு வரிசை?" என்று கேட்டேன். அவள் கையை ஏக்கர் முழுக்கச் சுற்றிக் காட்டினாள்.

போன வாரம் ராஜபாளையம் மார்க்கெட்டுக்கு அவளே காயோடு வண்டியில் போயிருக்கிறாள். இறக்கும்போது வியாபாரி ஒரு காயை எடுத்து இரண்டாக ஒடித்துப் பார்த்திருக்கிறார். உள்ளே புழு நெளிந்திருக்கிறது.

"என்னக்கா இது, சாக்குக்குப் பாதி இப்படித்தான் இருக்கும் போலருக்கே. இதை யாரு வாங்குவா?"

முத்துலட்சுமி அசரவில்லை.

"எம்மக வாங்குவா. எறக்கு."