ஹேக் நகரத்து வழக்கும் மட்டுவில் சைக்கிளும்

ஒக்டோபர் 30, 1995. திங்கள் மாலை.
ஒலிபெருக்கி கட்டிய வண்டி யாழ்ப்பாணத்து அரியாலை ஒழுங்கைகளில் போய்வந்தது. இராணுவம் நெருங்குகிறது, எல்லோரும் உடனே கிழக்கே தென்மராட்சிக்குப் போங்கள் என்றது. என்னிடம் ஒரு சைக்கிள், ஒரு துணிப்பை, ஒரு சிறிய வானொலி. ஊரோடு நானும் புறப்பட்டேன். நாவற்குழிப் பாலம் எங்கள் ஒழுங்கையிலிருந்து மூன்று மைலுக்குள். அதைக் கடக்க விடியும்வரை பிடித்தது. மழை. ஒரு தெருவுக்குள் ஒரு நகரம் முழுவதும் நின்றது. நடந்தோம் என்று சொல்ல முடியாது. பின்னால் நின்றவர்களின் மூச்சு எங்களைத் தள்ளியது.

ஒக்டோபர் 31.
சாவகச்சேரிச் சந்தையடியில் வெறும் தேத்தண்ணி ஐந்து ரூபாய். குடித்துவிட்டு வடக்கே நடந்தேன். மட்டுவிலில் ஒரு பள்ளிக்கூடத்து மரத்தடியில் இடம் கிடைத்தது. பக்கத்துப் பாயில் குருநகர்க் கடற்றொழிலாளி அந்தோனி, மனைவி மேரி, இரண்டு பெண்பிள்ளைகள். அந்தோனியின் தகப்பனுக்கு நடக்க இயலாது. தள்ளுவண்டி வைத்திருந்த அயலவர் ஏற்றிவருவதாகச் சொன்னதை நம்பி அவரை வீட்டில் விட்டு வந்திருந்தார்கள்.

நவம்பர் 2. காலை.
அயலவர் வந்து சேர்ந்தார். வண்டியில் மூட்டைகள் மட்டும்.

"கேட்டனான், அந்தோனி. வரமாட்டன் எண்டு போட்டார்."

"குருநகரிலை ஷெல் விழுதோ?"

"தெரியாது. செய்தியைக் கேளன்."

மின்சாரம் இல்லாமல் ஐந்து ஆண்டுகள். பற்றரி கண்ணிலும் படாது. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வானொலிக்கு வயர் கொடுத்து மிதிக்க வேண்டும். நான் மிதித்தேன். மணிலா வானொலி நிலையத்தின் தமிழ்ச் செய்தி. யாழ்ப்பாணத்தின் ஓரங்களில் ஷெல் விழுகிறதாம். குருநகரின் பெயர் வரவில்லை. அந்தோனி எழுந்து சரத்தை மடித்துக் கட்டினார்.

"அண்ணை, சைக்கிளைத் தருவீங்களோ? பின்னேரத்துக்குள்ளை அப்புவைக் கொண்டு வந்திடுவன்."

"ஆத்துமாக்களின்ரை நாளிலையோ போறியள்?" என்றாள் மேரி.

"அது செத்தவைக்கு. அப்புவை நான் உயிரோடை விட்டிட்டு வந்தனான்."

அதற்குள் அடுத்த செய்தி. ஹேக் நகரில் உலக நீதிமன்றம் கூடிவிட்டது. அணுகுண்டைப் பாவிப்பதும், பாவிப்பேன் என்று வெருட்டுவதும் சட்டத்துக்கு அடுக்குமா என்பது வழக்கு. இதை நீதிமன்றத்திடம் கேட்கச் சொல்லித்தான் உலகெங்கும் சனங்கள் கையெழுத்து வைத்தார்கள். அரியாலையில் நானும் வீட்டுப் படலை படலையாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். கால்கள் தாமாக வேகமெடுத்தன.

"என்னண்ணை உது?" என்றார் அந்தோனி. வழக்கைச் சொன்னேன், அதை மறிக்கப் பார்க்கிறார்கள் என்றும் சொன்னேன்.

"ஆர் மறிக்கிறது?"

"குண்டு வைச்சிருக்கிற அரசுகள். நீதிமன்றம் உந்தக் கேள்விக்கு மறுமொழியே சொல்லக் கூடாதாம்."

"பேந்தென்ன, கள்ளனைக் கேட்டுப்போட்டே பொலிசைக் கூப்பிடுறது?"

அயலவர் சிரித்தார். மேரி சிரிக்கவில்லை. "எங்களுக்கு மேலை விழுறதுக்கும் ஆரும் வழக்குப் போட்டவையோ?"

"இல்லைத் தங்கச்சி. உது சின்னக் குண்டு."

"சின்னன் எண்டு ஆர் அளந்தது?"

நான் மிதித்துக்கொண்டிருந்தேன்.

"கேட்டு முடியுங்கோ அண்ணை, நான் நிக்கிறன்" என்றார் அந்தோனி. அவருடைய கை ஏற்கெனவே ஹாண்டிலில் இருந்தது. குருநகருக்குப் பன்னிரண்டு மைல் வரும். எதிரே முழுச் சனமும்.

ஓர் அரசின் வழக்கறிஞர் வாதிட்டதைச் செய்தி வாசிப்பவர் சொல்லத் தொடங்கியிருந்தார். இறங்கினேன். சில்லு ஓய ஓயக் குரல் தடித்தது, இழுபட்டது, ஒரு சொல்லின் நடுவில் நின்றது. வயரைக் கழற்றினேன். மேரி தண்ணீர்ப் போத்தலைக் கரியரில் கட்டினாள். பிறகு அவிழ்த்து, கிழவரை மகனின் முதுகோடு சேர்த்துக் கட்ட ஒரு சேலையையும் வைத்துக் கட்டினாள்.

கிழக்கே வருகிற சனத்துக்குள் அந்தச் சைக்கிள் மட்டும் மேற்கே போனது.

ஹேக்கில் அந்நேரம் இன்னும் விடிந்திராது. நீதிபதிகள் எழும்பி, கேட்டு, யோசித்து, தீர்ப்பு எழுத மாதங்கள் இருக்கின்றன. அந்தோனிக்கு இருந்தது பின்னேரம் வரைக்கும்தான்.

மேரி பிள்ளைகளை எழுப்பிப் பாயை இழுத்து, ஓர் ஆள் படுக்க இடம் விட்டாள். போதவில்லை. என் பையைத் தூக்கிக்கொண்டு நானும் தள்ளி உட்கார்ந்தேன்.